உப்பெழுத்து

கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள், நாவலேரியை அடுத்த ஜப்பான் கம்பெனியில், காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை ரப்பர் அச்சு இயந்திரங்களின் முன்னால் நின்று வெந்த இருநூற்றுப் பத்துப் பேர் தேநீர் குடிக்க வேப்பமர நிழலுக்கு வந்தார்கள். குடித்து முடித்துக் கம்பெனி வழக்கப்படி வரிசையில் நின்று கைகால்களை நீட்டி மடக்கினார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பிக் கூடத்தை நோக்கி நடந்தபோது, அவர்களுடைய சாம்பல் நிறச் சட்டைகளின் முதுகில் வியர்வை காய்ந்து படிந்த உப்பு, ஜப்பானிய எழுத்துகளாக இருந்தது.

அன்று அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கம்பெனிதான் புதிதாக ஏதோ அச்சடித்திருக்கிறது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். ஏசி அறையில் உட்கார்ந்திருந்ததால் முதுகு சுத்தமாக இருந்த ஸ்டோர் கீப்பர், தனக்கு மட்டும் ஏன் அச்சடிக்கவில்லை என்று கேட்டு ஒரு மனு எழுதினார். மனு மேலே போய், அச்சடிப்பதற்கு யாரும் உத்தரவிடவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தபோது இரண்டு நாள் ஆகிவிட்டிருந்தது. அதற்குள் எழுத்து பழகிவிட்டது.

கேன்டீன் படியில் தேநீர் டம்ளரோடு நின்றிருந்த தமயந்திக்கு மட்டும் அது முதல் நாளே பழகவில்லை, ஏனென்றால் அவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். பதினோரு வருஷமாகக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். மேலே ஜப்பானியர் மூன்று பேர், கீழே தமிழர் இருநூற்றுப் பத்துப் பேர், நடுவில் அவள் ஒருத்தி. முதல் வரிசையில் நான்காம் நம்பர் அச்சைப் பார்த்துக்கொள்ளும் தெய்வசிகாமணியின் முதுகில் 'உராமி' என்று இருந்தது. தனக்கு நடந்த அநியாயத்தை மறக்காமல் வைத்திருக்கும் மனம், வன்மம். அவருக்கு அடுத்தவர் முதுகில் 'அகிராமே', அதாவது இனி ஒன்றும் ஆகாது என்று கைவிட்டுவிட்டது. அதற்கடுத்து, போன மாதம் நிச்சயதார்த்தம் ஆன ஒருவனின் முதுகில் 'மோசோ', தனக்குத் தானே கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் வீண் கற்பனை. கோபம் வந்தவர்களின் முதுகில், வயிறு எழுந்து நிற்கிறது என்று எழுதியிருந்தது. நம்மிடம் வயிறு எரியும், அவர்களிடம் எழுந்து நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நினைப்பதற்கான எழுத்து பல முதுகுகளில் இருந்தது. மேலே ஒரு வயல், வயலுக்கு அடியில் ஒரு இதயம், அப்படித்தான் அந்த எழுத்தை வரைவார்கள். தமயந்தி இருநூற்றுப் பத்து முதுகுகளையும் படித்து முடித்தபோது தேநீரில் ஏடு கட்டியிருந்தது.

உப்புக்குச் சில சட்டங்கள் இருந்தன. அவை ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டன. அவரவர் சட்டையை அவரவர் கழற்றிப் பார்த்தால் வெறும் உப்புதான் தெரியும், எழுத்து தெரியாது. போனில் படம் எடுத்தால் வெறும் கறைதான் விழும். அடுத்தவர் முதுகைப் பார்த்துக் கையால் காகிதத்தில் எழுதிக்கொண்டால் மட்டும் நிற்கும். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், மறுநாள் பத்து மணிக்கு மறுபடி வரும். இன்னொன்று முக்கியம்: மனதில் இருப்பது என்ன என்று உப்பு எழுதும், யார்மேல் என்று எழுதாது. வன்மம் என்று போடும், யார்மேல் வன்மம் என்பதைப் படிக்கிறவர் கற்பனைக்கு விட்டுவிடும். ஊரின் நிம்மதி கெட்டது இந்தக் கடைசிச் சட்டத்தால்தான்.

ஜப்பானியர் மூவருக்கும் இதைப் படிக்கத் தெரியும் என்பது உண்மை. ஆனால் ஆலைத் தலைவர் நிஷிமுரா முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழைக்காமல் அடுத்தவர் மனதைப் படிப்பது அவருக்கு அடுத்தவர் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்ப்பது போல. பத்து மணிக்கு அவர் தன் அறையின் திரைச்சீலையை இழுத்து மூடினார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மனிதவள மேலாளர் வரதராஜுலு கேட்டபோது, தனக்கு உப்பு மட்டும்தான் தெரிகிறது என்றார். அது பொய் என்று தமயந்திக்குத் தெரியும்; மரியாதைக்காகச் சொன்ன பொய் என்றும் தெரியும். அந்த ரகத்துப் பொய் அவளுக்குப் பழக்கமானது.

சென்னையில் மொழி படித்தபோது அவளுடைய ஆசிரியை எல்லாச் சொற்களுக்கும் மேலே வைத்த சொல் ஒன்று உண்டு, 'ஒமொய்யாரி'. அடுத்தவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் மனதை நினைத்துப் பார்த்து அவருக்கு நோகாதபடி நடந்துகொள்வது. தமயந்தி தன் வேலை முழுவதையும் அந்தச் சொல்லின்மேல் கட்டியிருந்தாள். ஜப்பானியர் ஒருவர் 'முட்டாள்கள்' என்று திட்டினால், இன்னொரு முறை விளக்கச் சொல்கிறார் என்பாள். தொழிலாளர்கள், 'செத்தாலும் செய்ய மாட்டோம்' என்றால், சற்றுச் சிரமம் என்கிறார்கள் என்பாள். பதினோரு வருஷத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு வசவும் போனதில்லை, ஒரு 'முடியாது'வும் வந்ததில்லை. அதனால்தான் கம்பெனி ஓடுகிறது என்று அவள் நம்பினாள்.

ஒரே ஒரு தடவை மட்டும் அந்த நம்பிக்கையில் அவளுக்கு முள் தைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், நான்காம் நம்பர் அச்சில் கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளிக்கதிர் வேலை செய்யவில்லை என்று தெய்வசிகாமணி நாற்பது பேரோடு வந்து நின்றார். அவர் சொன்னது தெளிவாக இருந்தது: மாற்ற முடியாது என்றால் சொல்லிவிடட்டும், நாளையிலிருந்து நான்காம் நம்பருக்குள் ஒருத்தனும் கை விட மாட்டான். மாற்றுவதற்கு ஒன்பது நாள் உற்பத்தியை நிறுத்த வேண்டும். நிஷிமுரா சற்று நேரம் மேசையைப் பார்த்துவிட்டு, 'கங்காயெத்தே ஒக்கிமாஸ்' என்றார். யோசித்து வைக்கிறேன் என்பது அதன் நேரடிப் பொருள். ஆனால் அவர்கள் ஊரில் ஒரு மேலதிகாரி அதைச் சொன்னால், பேச்சு முடிந்தது, கதவு சாத்தியாயிற்று, மறுபடி கேட்காதே என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தமயந்திக்கும் தெரியும். நாற்பது முகங்களையும் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்கிறார், நல்லபடியாகத்தான் சொல்வார் என்று தோன்றுகிறது என்றாள். அவர்கள் கை தட்டினார்கள். நிஷிமுரா, தன் மறுப்பை இவ்வளவு பண்பாக ஏற்றுக்கொள்கிறார்களே என்று வியந்து தலை குனிந்து வணங்கினார்.

அவர் யோசித்து முடிக்கட்டும் என்று அவர்கள் பதினோரு மாதம் காத்திருந்தார்கள். காத்திருந்த மாதங்களில் நான்காம் நம்பருக்குள் கை விட்டுக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டாம் மாதம் அது தெய்வசிகாமணியின் தம்பி கன்னியப்பனின் வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரமே ஒளிக்கதிரை மாற்றினார்கள். கன்னியப்பனை வாசல் காவல் அறையில் உட்கார வைத்தார்கள். உள்ளே போகிறவர்களின் சீட்டில் இடது கையால் முத்திரை குத்துவது அவன் வேலை. தினமும் காலையில் தமயந்தியின் சீட்டிலும் அவன்தான் குத்தினான். "வணக்கம் மேடம்" என்பான். அவள் குடியிருந்ததும் அவர்கள் வீட்டு மாடியில்தான். கீழே தெய்வசிகாமணியும் மனைவி அஞ்சலாட்சியும் கன்னியப்பனும், மேலே அவளும் அவள் ரகசியமும். அந்த ரகசியம் தெரிந்துவிட்டால் அந்த வீடும் அந்த ஊரும் தனக்கு இல்லை என்பதை அவள் அறிவாள். ஆகவே உப்பு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, நெருப்பாய்க் காயும் கத்திரியிலும், ஏசி அறைக்காகக் கம்பெனி கொடுத்திருந்த தடித்த மேலங்கியைக் கழற்றாமலே அவள் ஊருக்குள் நடந்தாள்.

ஊர் அந்த எழுத்தைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது. ஆண்கள் சுவரை ஒட்டி நடக்கப் பழகினார்கள். டீக்கடையில் முதலில் வருகிறவன் சுவரோர பெஞ்சைப் பிடித்துக்கொள்வான், கடைசியில் வருகிறவன் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் குடிப்பான். பெண் வீட்டார், மாப்பிள்ளை மூன்று நாள் உடுத்திய சட்டை ஒன்றை ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். பத்து நாளில் உப்புப் படிக்கலாம் என்று ஒரு டியூஷன் ஆள் போர்டு வைத்து, ஒரு எழுத்தும் தெரியாததால் நான்காம் நாளே அடி வாங்கினான். ஆடுகளுக்குத்தான் கொண்டாட்டம். கொடியில் கிடந்த சட்டைகளை நக்கி நக்கி, வன்மத்தை நக்கிய ஆடு எதிரில் வந்தவரை முட்டியது. வீண் கற்பனையை நக்கியது இரண்டு நாள் மேயாமல் ஏரிக்கரையில் வானத்தைப் பார்த்து நின்றது. கைவிட்டதை நக்கியது, கசாப்புக்காரர் வந்தபோது தானாக எழுந்து அவரோடு போயிற்று.

பெண்கள் தமயந்தியிடம் வந்தார்கள். மாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் ஆளுக்கொரு சட்டையோடு நிற்பார்கள். என்ன எழுதியிருக்கு, யார்மேல எழுதியிருக்கு என்பார்கள். தமயந்தி பதினோரு வருஷமாகச் செய்ததையே செய்தாள். சலிப்பு என்றிருந்தால் அமைதி என்றாள். வீண் கற்பனை என்றிருந்தால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய திட்டம் என்றாள். வன்மம் என்றிருந்ததை அஞ்சலாட்சியிடம் குடும்பக் கவலை என்று சொன்னாள்; மூன்றாம் நம்பர் அச்சுக்காரரின் மனைவி சம்பூர்ணத்திடம், உன் வீட்டுக்காரர் சாமியை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். சம்பூர்ணம் அன்றைக்கே கணவருக்கு மாலை வாங்கிவந்து விரதம் இருக்க வைத்தாள். மூன்று வாரம் நாவலேரியில் ஒரு வீட்டிலும் சண்டை இல்லை. அந்த மூன்று வாரமும் தமயந்தி தன் முதுகில் என்ன எழுதியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மேலங்கிக்கு அடியில், சட்டையில், ஒமொய்யாரி என்றுதான் இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டாள்.

நான்காம் வாரம் வரதராஜுலு அவளைக் கூப்பிட்டு, யார் யார் முதுகில் வன்மம் என்று ஒரு பட்டியல் கேட்டார். அவள் எழுதிக் கொடுத்தாள். இருநூற்றுப் பத்துப் பெயர்களுக்கும் எதிரில் களைப்பு என்றே இருந்தது. அவர் அதைக் கடைசிவரை படித்துவிட்டு, இருநூற்றுப் பத்துப் பேருக்கும் களைப்பா, சரி, யார் நிஜமாகவே களைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றார். மறுநாள் கூடத்திலிருந்த ராட்சத மின்விசிறிகளைப் பராமரிப்புக்கென்று கழற்றிக்கொண்டு போனார்கள். வியர்வை இரண்டு மடங்கானது, எழுத்தும் இரண்டு மடங்கு பெரிதானது. நூறடிக்கு அப்பாலிருந்தே முதுகைப் படிக்கலாம் என்றாயிற்று.

அதே வாரம் தண்ணீர் லாரி மூன்று நாள் வரவில்லை. துவைக்க முடியாத சட்டைகளைப் பெண்கள் ஏரிக்கரையோரக் கம்பிவேலியில், ஆடு எட்டாத உயரத்தில், வரிசையாகக் காயப்போட்டார்கள். வேலை முடிந்து வந்த கன்னியப்பன் அந்த வேலிக்கு எதிரில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, ஒரு நோட்டில் இடது கையால் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தான். வாசல் அறையில் அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. இடது கைக்கு வேலை தேடி இதைத் தொடங்கியிருந்தான். வரைந்து முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனான். நாற்பத்தோரு சட்டையில் ஒரே எழுத்து, அண்ணன் சட்டை உட்பட, என்றான்.

அஞ்சலாட்சி தன் வீட்டுச் சட்டையையும் சம்பூர்ணத்தின் வீட்டுச் சட்டையையும் கம்பியிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கோலம் தெரியும். புள்ளிக்குப் புள்ளி ஒரே கோலம். இரண்டு பேரும் சட்டைகளோடு மாடிப்படி ஏறி வந்தார்கள்.

"இது என்னக்கா," என்றாள் அஞ்சலாட்சி, தன் கையிலிருந்ததைக் காட்டி.

"குடும்பக் கவலை."

"அவ கையில இருக்கறது?"

தமயந்தி இரண்டு சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது சாமின்னு சொன்னீங்க," என்றாள் சம்பூர்ணம். "நான் வேற அந்த ஆளுக்கு மாலை போட்டு, மூணு வாரமா கறி ஆக்காம இருக்கேன். எங்க ரெண்டு பேரு வீட்லயும் ஒரே எழவுதான் எழுதியிருக்குன்னா, அந்த எழவு என்னன்னு சொல்லுங்க."

நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றாள் தமயந்தி. அதுதான் அவள் செய்த பிழை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் கீழே இறங்கியிருப்பார்கள். அஞ்சலாட்சி சட்டையை நிதானமாக மடித்தாள்.

"நாங்க நோகறதா வேணாமான்னு நீங்க யாருங்க முடிவு பண்றதுக்கு?" என்றாள். அதுவரை அக்கா என்றவள் அன்றிலிருந்து அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவள் படி இறங்கும் நேரம் பார்த்துப் படி கூட்டப்பட்டது. டீக்கடைக்காரர் அவள் கேட்காமலே பாயசம் இல்லைங்க என்றார், கடை சிரித்தது. கம்பெனியில், என் முதுகுல என்ன மேடம், லட்டா, ஜிலேபியா என்று ஒருவன் கேட்டால், மேடம் சொன்னா எல்லாம் பாயசம்தான்டா என்று இன்னொருவன் சொன்னான். பிறகு கேலியும் நின்றது. அவள் எதிரில் வந்தால் வணக்கத்துக்குப் பதிலாக ஆண்கள் திரும்பி முதுகைக் காட்டினார்கள். பேசவில்லை, திட்டவில்லை, வழியை மறிக்கவில்லை, திரும்பி நின்றார்கள், அவ்வளவுதான். அவள் பஸ் நிறுத்தத்திலிருந்து கம்பெனி வாசல்வரை, இரண்டு பக்கமும் சாம்பல் நிற முதுகுகளுக்கு நடுவே, வன்மம் வன்மம் வன்மம் என்று படித்துக்கொண்டே நடந்தாள். படிக்கத் தெரிந்த கண்ணை மூட வழியில்லை. யார்மேல் என்று உப்பு எழுதவில்லை. இப்போது அது எழுத வேண்டிய தேவையும் இல்லை.

வாசலில் கன்னியப்பன் மட்டும் முகத்தைக் காட்டினான். சீட்டில் முத்திரை குத்தும்போது அவன் மேசையில் சென்னையிலிருந்து வரவழைத்த ஒரு ஜப்பானியப் பாடப்புத்தகம் திறந்திருந்தது. மூன்றாம் நாள் அவன் அவளிடம், கங்காயெரு என்றால் யோசிப்பதுதானே மேடம் என்று கேட்டான். ஆமாம் என்றாள். அன்று நாற்பது பேரில் அவனும் ஒருவனாக நின்றான் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல் விளங்காவிட்டாலும் ஓசையை அவன் மூன்று வருஷமாகக் காதில் வைத்திருந்தான்.

மின்விசிறி இல்லாமல் ஒன்பதாம் நாள், ஐந்தாம் நம்பர் அச்சில் ஒருவர் மயங்கி விழுந்தார். தெய்வசிகாமணி எல்லா அச்சையும் நிறுத்தச் சொன்னார். இருநூற்றுப் பத்துப் பேரும் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நிஷிமுரா ஏசி அறையிலிருந்து கீழே இறங்கி வந்தார். ஆறு வருஷத்தில் கோடையில் அவர் கூடத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. பின்னால் வரதராஜுலு, பக்கத்தில் மேலங்கியோடு தமயந்தி. ரப்பர் உலைகள் அணைந்தும் தணியாமல் கூடம் கொதித்தது. மின்விசிறி திரும்பி வருமா வராதா, ஒரே வார்த்தை என்று தெய்வசிகாமணி கேட்டதை அவள் ஜப்பானிய மொழியில், இந்த வெயிலில் உங்கள் அன்பான கவனத்தை வேண்டுகிறார்கள் என்று சொன்னாள். பழக்கம் அவள் நாக்கில் அவளுக்கு முன்பே பேசிவிட்டது. நிஷிமுரா நீண்ட பதில் ஒன்று சொன்னார். அவர் பேசப் பேச அவருடைய வெள்ளைச் சட்டை நனைந்து, வெந்த காற்றில் அப்படியே காய்ந்தது.

தெய்வசிகாமணி அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. தம்பியை வாசலிலிருந்து வரச் சொல்லியிருந்தார். கன்னியப்பன் நோட்டோடு வந்து அண்ணன் பக்கத்தில் நின்றான். தெய்வசிகாமணி அவன் வலது கையை எடுத்து நிஷிமுராவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மூணு வருஷம் முன்னாடி யோசிச்சு சொல்றேன்னாரே, என்ன யோசிச்சார்னு கேளுங்க மேடம். பூசி மொழுகாம கேளுங்க."

தமயந்தி நிஷிமுராவின் பக்கம் திரும்பினாள். கையில் அடிபட்டவர் உங்கள் உடல்நலத்தை விசாரிக்கிறார் என்றாள். நிஷிமுரா அந்தக் கையைப் பார்த்தார். அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் மரியாதைக்கு, நன்றி, நலமாக இருக்கிறேன் என்று ஆழமாகக் குனிந்து வணங்கினார். அவர் மிகவும் வருந்துகிறார் என்றாள் தமயந்தி. பேச்சு முடிந்ததென்று நினைத்து நிஷிமுரா படிக்கட்டை நோக்கித் திரும்பினார்.

அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், தோளிலிருந்து தோள்வரை, உப்பு தமிழில் எழுதியிருந்தது. வணக்கம், காரம் வேண்டாம் என்ற இரண்டுக்கு மேல் தமிழ் தெரியாத மனிதரின் முதுகில், பள்ளிக்கூடச் சுவரில் எழுதுவது போலத் தெளிவாக, 'அன்றே மறுத்தேன்' என்று இருந்தது.

இருநூற்றுப் பத்துப் பேரும் அதைப் படித்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் உதட்டை அசைத்துப் படித்தார்கள். உப்புக்கு எப்படித் தமிழ் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் படியேறிக் கதவுக்குள் போகும்வரை அந்த முதுகையே பார்த்தார்கள். பிறகு எல்லோரும் தமயந்தியைப் பார்த்தார்கள். வரதராஜுலு பின்வாசல் வழியாகப் போய்விட்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை மின்விசிறிகள் திரும்பி வந்தன. ஆனி மாதத்து முதல் மழையில் வியர்வை குறைந்து, எழுத்து மங்கி, கடைசியில் வெறும் உப்பாகிவிட்டது. அதற்கு முன்பே தமயந்தி ஊரைவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று கூடத்தில் ஒருவரும் அவளைத் தொடவில்லை. அவர்களுக்குத் திட்டு வரவில்லை. அதற்கு நேரம் தேவைப்பட்டது. அன்றைக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமே என்று பின்வரிசையில் யாரோ, அவளிடம் இல்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

"அந்தக் கோட்டைக் கழட்டுங்க மேடம்," என்றார் தெய்வசிகாமணி.

அவள் கழற்றினாள். ஒரு மாதத்துக்கு மேலாக அந்த மேலங்கிக்குள் வியர்த்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"திரும்புங்க."

அவள் திரும்பினாள். எதிரே சுவரும், அதில் கம்பெனியின் பாதுகாப்பு வாசகமும் இருந்தன. ஜப்பானிய வாசகத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். பின்னால் இருநூற்றுப் பத்துப் பேர் மூச்சு விடுவது கேட்டது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் நடந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். நோட்டின் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன, நின்றன, மறுபடி ஒரு தாள் பின்னோக்கிப் புரண்டது. பென்சில் கீறும் சத்தம் கேட்டது. இடது கை எழுத்து, மெதுவாகத்தான் வரும். கோடுகளை அவள் காதால் எண்ணப் பார்த்தாள். ஒமொய்யாரியில் எத்தனை கோடுகள் என்று அவளுக்குத் தெரியும். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது.

பென்சில் நின்றது. நோட்டு மூடப்பட்டது.

"என்னன்னு சொல்லுங்க கன்னியப்பன்," என்றாள் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "எதுவா இருந்தாலும் பரவால்ல, சொல்லிடுங்க."

அவன் ஓரடி பின்வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஒரு மேசையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவரின் தணிந்த குரலில், ஓசையில் ஒன்றும் குறையாமல், மூன்று வருஷம் காதில் வைத்திருந்ததைச் சொன்னான்.

"கங்காயெத்தே ஒக்கிமாஸ்."

கூடத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. என்ன சொல்றான், என்ன சொல்றான் என்று வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டார்கள். தம்பி வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, தெய்வசிகாமணி பதினோரு வருஷத்துப் பழக்கத்தில் அவளைத்தான் கேட்டார்.

"என்ன மேடம் சொல்றான்?"

தமயந்தி அவர்கள் பக்கம் திரும்பினாள். யோசித்துச் சொல்கிறேன் என்கிறார் என்ற வாக்கியம் அவள் நாக்கில் தயாராக வந்து நின்றது, அதை விழுங்கினாள்.

"சொல்ல மாட்டேன்னு சொல்றார்," என்றாள்.